எத்தனை பேர், யார் பேரில்?

ஆகஸ்ட் மாதம் தலவில புனித அன்னம்மாள் திருவிழா நெருங்கிவிட்டால், பாலாவியிலிருந்து கற்பிட்டி போகும் பாதையில் பஸ்ஸுக்கும் வானுக்கும் இடையில் மோட்டார் சைக்கிளை நுழைக்க இடம் இராது. அதே மாதத்தில் தென்மேல் காற்றும் நன்றாகப் பிடித்திருக்கும். களப்பில் கைட் சேர்ஃபிங் செய்ய வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கியிருப்பார்கள். விடுதிக்காரர்களுக்கு வருடத்தில் கை நிறையும் மாதம் அது. அப்படியொரு ஆகஸ்டில், ஆலங்குடாப் பக்கம் சின்னதாக விடுதி நடத்தும் ஒரு நானா இரவு ஒன்பது மணிக்கு எனக்குக் கோல் எடுத்தார்.

“தம்பி, புக்கிங் பக்கம் திறக்குதே இல்ல. சுத்திக்கிட்டே இருக்கு. நீங்கதானே செஞ்சு தந்தீங்க?”

செய்து கொடுத்தது நான்தான். சேர்வருக்குள் நுழையவே நாலு நிமிடம் பிடித்தது. உள்ளே போய் ‘டொப்’ கட்டளையைத் தட்டினால் திரை முழுக்க அப்பாச்சி, அப்பாச்சி, அப்பாச்சி. ஒவ்வொன்றும் 40 எம்பிக்கு மேல் மெமரியைப் பிடித்துக்கொண்டு நின்றது. சேர்வரில் இருந்ததோ மொத்தமே 1 ஜிபி. போதாததற்கு அது டிஸ்க்கை மெமரியாகப் பாவிக்கத் தொடங்கி, அந்த இழுபறியில் எல்லாம் உறைந்துபோயிருந்தது. யாரும் தாக்கவில்லை. பக்கம் பார்க்க வந்தவர்கள் நூறு பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். உபுண்டுவில் பிஎச்பியோடு அப்பாச்சியை நிறுவினால் கூடவே வரும் அமைப்புக் கோப்பில், ஒரே நேரத்தில் 150 புரொசஸ் வரை திறக்கலாம் என்று போட்டிருக்கும். நான் அதைத் தொடவே இல்லை. 150ஐ 40ஆல் பெருக்கினால் 6 ஜிபி. ஒரு படி அரிசி உள்ள வீட்டுக்கு ஊரையே சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன்.

பிஎச்பியில் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு இப்போது சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை குறைவில்லை. எழுதியதைச் சேர்வரில் எந்த வழியில் ஓட்டுவது என்ற கேள்விக்குத்தான் ஆள் குறைவு. ஹோஸ்டிங்காரர் தந்தது எதுவோ அதுவே வழி என்று போய்விடுகிறோம். கேட்பவர்களும் ‘எது வேகம்?’ என்றே கேட்கிறார்கள். இத்தனை வருடச் சண்டையைத் திரும்பிப் பார்த்தால், வேகம் அதில் மூன்றாம் இடத்தில்கூட இல்லை. முதல் கேள்வி, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்யலாம்? இரண்டாவது, அவர்கள் யார் பேரில் வேலை செய்கிறார்கள்? மற்றதெல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்.

கதை 1993இல் தொடங்குகிறது. அந்த வருடம் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ நிலையத்தில் சிஜிஐ என்ற ஏற்பாடு உருவானது. யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால், சேர்வர் ஒரு நிரலைப் புதிதாகத் தொடங்கும். அது விடையைக் கக்கிவிட்டுச் செத்துப்போகும். அடுத்த ஆள் கேட்டால் மறுபடி முதலிலிருந்து. ராஸ்மஸ் லேர்டோர்ஃப் 1994இல் தன் சுயவிவரப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணுவதற்காக எழுதி, 1995 ஜூனில் வெளியிட்ட முதல் பிஎச்பியும் இந்த ஜாதிதான். உடப்புக் கரைவலையைப் பார்த்தவர்களுக்கு இதை இப்படிச் சொல்லலாம்: வலை வளைத்த பிறகுதான் ஊருக்குள் போய் ஆள் கூப்பிடுவது, அவர்களுக்கு அம்பாப் பாட்டையும் அங்கேயே சொல்லிக்கொடுப்பது, மீனைக் கரையேற்றியதும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவது. அடுத்த பாட்டுக்குத் திரும்பவும் ஊருக்குள் ஓட்டம். ஒரு நாளைக்கு நாலு தரம் வலை வளைத்தால் சமாளிக்கலாம். நிமிடத்துக்கு நாற்பது தரம் என்றால் ஓடுவதிலேயே நாள் போய்விடும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ‘மொட் பிஎச்பி’. பிஎச்பியை அப்பாச்சியின் வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுவது. ஆட்கள் கரையிலேயே நிற்பார்கள். கூப்பிடும் செலவு இல்லை. 2000களில் உலகின் பாதி இணையம் இப்படித்தான் ஓடியது என்று சொன்னாலும் பெரிய மிகையில்லை. நிறுவுவதற்கு ஒரே கட்டளை. நானாவின் சேர்வரிலும் இதுதான் இருந்தது.

இலங்கையில் இந்த முறை தன் பெருமையைக் காட்டிய நேரம் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி எங்கள் மேற்குக் கரையை அவ்வளவாகத் தொடவில்லை. கிழக்கும் தெற்கும் வடக்கும் சிதைந்தன. காணாமற்போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாத நாட்களில், லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சுற்றியிருந்த தொண்டர்கள் சில நாட்களிலேயே ஒரு மென்பொருளைக் கட்டி எழுப்பினார்கள். பெயர் சஹன, சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். எழுதியது பிஎச்பியில், தரவுக்கு மைஎஸ்கியூஎல், ஓட்டியது அப்பாச்சியில். ஜாவாவில் கைதேர்ந்தவர்கள் கொழும்பில் அப்போதே நிறையப் பேர் இருந்தார்கள். இருந்தும் பிஎச்பி. அவசரத்தில் யாரும் வந்து கைகொடுக்கலாம், எழுதிய கோப்பை அப்படியே இன்னொரு கணினியில் போட்டால் ஓடும் என்பவையே அதன் பலம். பின்னர் அதே மென்பொருள் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும், அதே வருடம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவுக்கும் போனது. ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதும் கிடைத்தது.

அனர்த்த நிலையத்தில் ஒரு கணினி. அதில் ஒரே ஒரு தளம். உள்ளே வேறு குடித்தனம் இல்லை. அங்கே மொட் பிஎச்பியைக் குறை சொல்ல ஒன்றுமே கிடையாது. நான் செய்த பிழை, சஹன போன்ற ஒரு சூழலுக்குப் பொருந்தும் ஏற்பாட்டை, 5 டொலர் வாடகைச் சேர்வருக்கும் பொருந்தும் என்று நினைத்ததுதான்.

சஹனவின் பின்கதையும் நமக்கு வேண்டியதே. அதன் அடுத்த தலைமுறையான ‘ஈடன்’ பைதன் மொழிக்கு, வெப்2பை என்ற சட்டகத்துக்கு மாறியது. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் இயங்கியது அதுதான். பைதனில் வழக்கமே வேறு. நிரல் ஒரு தரம் ஏறினால் இறங்காமல் நிற்கும். சேர்வர் வேலையை மட்டும் அதனிடம் கொடுத்து வாங்கும். 2003இல் வகுக்கப்பட்ட டபிள்யூஎஸ்ஜிஐ என்ற உடன்படிக்கை அதற்கென்றே வந்தது. ஈடனை நிறுவ வைத்திருந்த ஸ்கிரிப்டுகளில் அப்பாச்சிக்கு ஒன்று, செரோக்கி என்ற சேர்வருக்கு ஒன்று என்று தனித்தனியே இருந்தன. அதாவது மொழி மாறியதும் ‘எப்படி ஓட்டுவது’ என்ற கேள்வி முன்வாசலுக்கே வந்துவிட்டது. பிஎச்பிக்காரர்கள் அதைக் கேட்காமலே பத்து வருடம் ஓட்டிவிட்டார்கள். அது வரமும்தான், சாபமும்தான்.

சாபம் எது என்று ஒரு பகிர்வு ஹோஸ்டிங்கில் கற்றேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரே இயந்திரத்தில் எத்தனையோ தளங்கள். அதில் மூன்று என்னுடையவை: ஒரு பழைய மாணவர் சங்கம், ஒரு கருவாட்டு வியாபாரம், ஒரு பள்ளிவாசல். மொட் பிஎச்பியில் எல்லாருடைய நிரலும் சேர்வரின் ஒரே பயனர் பேரில்தான் ஓடும். சில இடங்களில் அதன் பெயர் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டேட்டா’, சில இடங்களில் ‘நோபடி’. பெயரிலேயே எழுதியிருக்கிறது, ஆருமில்லை என்று. படம் ஏற்ற வேண்டுமென்றால் அந்த ஆருமில்லாதவருக்கு எழுதும் உரிமை கொடுக்க வேண்டும்; உடனே எல்லாரும் அடைவுக்கு மூன்று ஏழு போடுவார்கள். நானும் போட்டேன். எங்கோ முன்பின் தெரியாத ஒருவருடைய பழைய படத்தொகுப்பு நிரலில் ஓட்டை விழுந்தது. நுழைந்தவன் அவருடைய வீட்டோடு நிற்கவில்லை. மூன்று ஏழு போட்டிருந்த கதவெல்லாம் திறந்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பள்ளிவாசல் தளத்தில் ஜும்ஆ நேரம் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம். அன்றைக்கு நான் பட்ட பேச்சை இங்கே எழுத முடியாது.

இந்தக் குறை ஹோஸ்டிங் உலகுக்குத் தெரியாததல்ல. அப்பாச்சியின் சூஎக்ஸெக்கும் அதற்குப் பின் வந்த சூபிஎச்பியும் இதற்காகவே பிறந்தவை: ஒவ்வொரு தளத்தின் நிரலும் அதன் சொந்தக்காரர் பேரிலேயே ஓடட்டும். நியாயமான யோசனை. ஆனால் சூபிஎச்பி அடித்தளத்தில் பழைய சிஜிஐ வழிதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் புதுப் புரொசஸ். அதனால் இன்னொன்றும் கைநழுவும். பிஎச்பி கோப்பை ஒரு தரம் மொழிபெயர்த்து மெமரியில் வைத்துக்கொள்ளும் ஓப்கேஷ் வசதி 2013இல் பிஎச்பி 5.5ஓடு சேர்ந்தே வரத் தொடங்கியது. பக்கத்துக்குப் பக்கம் செத்துப் பிறக்கும் புரொசஸுக்கு அந்த நினைவு எங்கே தங்கும்? அதே 2013இல் சூபிஎச்பியைப் பராமரிப்பதும் நின்றது. சிபேனல் திரையில் அந்தப் பெயரைப் பார்த்து ‘பாதுகாப்பானது’ என்று இன்றும் யாராவது தேர்ந்தால், காலாவதியான மருந்தை வாங்குகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

சிஜிஐ பக்கம் இன்னொரு பழி. 2012 மே மாதம் தெரியவந்த ஒரு பிழை: பிஎச்பியை சிஜிஐயாக ஓட்டும் தளத்தின் முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறியும் ஒரு கோடும் ‘எஸ்’ எழுத்தும் போட்டால், பக்கத்துக்குப் பதிலாக அதன் மூல நிரலே திரையில் கொட்டியது. தரவுத்தளக் கடவுச்சொல்லும் சேர்ந்துதான். எட்டு வருடமளவு யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அடைத்தார்கள், 2024 ஜூனில் விண்டோஸ் கணினிகளில் அதே ஓட்டை வேறு வழியாகத் திறந்தது. பயிற்சிக்காகப் பலரும் விண்டோஸில் போட்டுக்கொள்ளும் எக்ஸாம்ப் பொதியும் இதில் மாட்டியது. அடுத்து நான் சொல்லப்போகும் எஃப்பிஎம் என்ற முறையையும் பத்தினி என்று நினைக்க வேண்டாம். 2019இல் அதற்கும் என்ஜின்எக்ஸ் என்ற சேர்வரோடு சேர்ந்து ஒரு பெரிய ஓட்டை வந்து அடைபட்டது.

இனி அந்த எஃப்பிஎம். 1996இல் ஓப்பன் மார்க்கெட் என்ற நிறுவனம் ஃபாஸ்ட்சிஜிஐயைக் கொண்டுவந்தது. நிரல் ஓடும் ஆட்கள் சேர்வருக்கு வெளியே தனியாக நிற்பார்கள். ஒரு வேலை முடிந்ததும் சாகாமல் அடுத்ததை வாங்குவார்கள். பிஎச்பி உலகில் இதை ஒழுங்காகச் செய்து காட்டியவர் ஆந்த்ரேய் நிக்மத்தூலின். அவர் வெளியில் வைத்திருந்த எஃப்பிஎம் ஒட்டு, 2010 ஜூலையில் பிஎச்பி 5.3.3ஓடு உள்ளே சேர்க்கப்பட்டது. கரைவலை மொழியில், வாடியில் ஒரு சம்மாட்டி. அவர் வலையைத் தொடமாட்டார். எத்தனை பேர் இழுப்பது, யாரை எப்போது மாற்றுவது என்று பார்ப்பார். ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் குழு. ஒவ்வொரு குழுவும் அந்தத் தளத்தின் பயனர் பேரிலேயே ஓடும். கருவாட்டுக் கடையின் குழுவுக்குப் பள்ளிவாசல் கதவைத் திறக்க முடியாது. சூபிஎச்பி தந்த காவலும் மொட் பிஎச்பி தந்த சுறுசுறுப்பும் ஒரே இடத்தில் கிடைத்தது அப்போதுதான்.

எத்தனை பேர் என்ற கணக்குக்கு வருகிறேன். 1 ஜிபி சேர்வரில் இயங்குதளத்துக்கு ஏறத்தாழ 200 எம்பி, தரவுத்தளத்துக்கு 250 போனால் மிச்சம் 550. ஒரு வேர்ட்பிரஸ் புரொசஸுக்கு 50 எம்பி வைத்தால் பதினொரு பேர். கொஞ்சம் மூச்சுவிட இடம் விட்டு எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். “எட்டே எட்டா?” என்று சிரிப்பார்கள். ஒரு பக்கம் தயாரிக்க 0.4 வினாடி ஆகிறதென்றால் எட்டுப் பேர் வினாடிக்கு 20 பக்கம் தருவார்கள். மணிக்கு 72,000. நானாவின் விடுதிக்கு மணிக்கு எழுபத்திரண்டாயிரம் பேர் வருகிற காலம் வந்தால், அவர் என்னிடம் வரமாட்டார்.

அதே எட்டுப் பேரை மொட் பிஎச்பியில் வைத்துப் பாருங்கள். அங்கே பக்கம் தயாரிக்கும் ஆளே அதை வந்தவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும். வந்தவர் கற்பிட்டிக் கரையின் நுனியில், போனில் ஒரு கோடு சிக்னலோடு நிற்கிறார். பக்கம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. இறங்கி முடிந்த பிறகும், ‘வேறென்ன வேணும்?’ என்று ‘கீப் அலைவ்’ விதிப்படி 5 வினாடி காத்து நிற்பது அப்பாச்சியின் முன்னமைப்பு. 0.4 வினாடி வேலைக்கு ஓர் ஆள் 5.4 வினாடி கட்டுண்டு நிற்கிறார். வினாடிக்கு 20 பக்கம் என்றது ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கும். சின்னப் படம் ஒன்றை எடுத்துக்கொடுக்கவும் இதே 40 எம்பிக்காரர்தான் எழும்ப வேண்டும். அந்த ஆகஸ்ட் இரவில் திரையை நிறைத்த அப்பாச்சிகளில் பாதிக்கு மேல் பிஎச்பி வேலையே செய்யவில்லை. யாரோ ஒருவரின் மெதுவான போனுக்குக் காவல் நின்றன. கொழும்பில் ஃபைபர் இணைப்பில் அமர்ந்து பரிசோதித்தால் இந்தக் குறை கண்ணில் படவே படாது.

இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. எஃப்பிஎம் குழு பக்கத்தைத் தயாரித்ததும் என்ஜின்எக்ஸ் அதை ஒரே மூச்சில் வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஆளை விடுவித்துவிடும். போன்காரருக்கு ஆறுதலாக ஊட்டுவது அதன் பொறுப்பு. அதற்கு இணைப்புக்குச் சில கேபி போதும். அப்பாச்சியை விட மனமில்லாதவர்கள் அதன் ‘ஈவென்ட்’ முறைக்கு மாறி, பிஎச்பியை வெளியே எஃப்பிஎம்மிடம் கொடுத்தால் கீப் அலைவ் தொல்லை தீரும். ஆனால் மெதுவான வாடிக்கையாளருக்காகப் பக்கத்தை வாங்கிவைப்பதில் என்ஜின்எக்ஸ் ஒரு படி மேல். மறுபக்கம், ‘எச்டிஅக்ஸஸ்’ கோப்பில் விதிகளை எழுதிப் பழகியவர்களுக்கு என்ஜின்எக்ஸில் அது வேலை செய்யாது. அதற்காகவே லைட்ஸ்பீட் வைத்திருக்கும் ஹோஸ்டிங்கைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அதில் பிழையும் இல்லை.

எஃப்பிஎம்முக்கு வந்தவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று. டெபியன், உபுண்டு பொதிகளில் குழுவுக்கு 5 பேர்தான் முன்னமைப்பு. கூட்டம் வந்தால் பதிவேட்டில் ‘மெக்ஸ் சில்ட்ரன் எல்லையைத் தொட்டுவிட்டது, கூட்டுவது பற்றி யோசி’ என்று ஒரு வரி விழும். பார்த்தவுடன் 5ஐ 100 ஆக்குவார்கள். பழைய 150 கதை வேறு வாசலால் வந்துவிட்டது. அந்த வரி யோசிக்கத்தான் சொல்கிறது. ஆள் போதாத நேரத்தில் வருகிறவர்கள் வரிசையில் ஒரு வினாடி நிற்பார்கள். அதனால் யாரும் சாகமாட்டார்கள். மெமரி தீர்ந்தால் எல்லாரும் சேர்ந்து சாவார்கள். அதைவிட, ‘ஸ்லோ லொக்’ என்ற மெதுவோட்டப் பதிவேட்டைத் திறந்துவிட்டால் எந்தச் செருகுநிரல், எந்த வரியில் நேரத்தைத் தின்கிறது என்று அதுவே எழுதித் தரும். நானாவின் தளத்தில் அது ஒரு காலநிலைப் பெட்டி. காற்றின் வேகத்தை வெளிநாட்டுச் சேர்வரிடம் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று வினாடி பிடித்து வைத்திருந்தது. காற்று எப்படி என்று கேட்க அவருக்குக் கதவைத் திறந்தால் போதும்.

பணத்தையும் பேச வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா மட்டில் இருந்தது. மே மாதம் 360 அளவுக்குப் போனது. மாதம் 5 டொலர் சேர்வர் ஆயிரம் ரூபாவிலிருந்து ஆயிரத்து எண்ணூறு ஆயிற்று. ‘மெமரியைக் கூட்டினால் சரி’ என்ற பதிலை அந்த வருடத்தோடு எங்கள் பக்கம் மறந்துவிட்டோம். ஒரே சேர்வரில் நாலைந்து தளங்களைக் குடியேற்றி, ஒவ்வொன்றுக்கும் எஃப்பிஎம்மில் ‘ஒன் டிமாண்ட்’ முறையைப் போட்டோம். ஆள் வந்தால் புரொசஸ் எழும்பும். வேலையில்லாமல் பத்து வினாடி கடந்தால் போய்விடும். வருடத்தில் பதினொரு மாதம் தூங்கி ஒரு மாதம் மட்டும் விழிக்கும் தளங்களுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. முதலில் வருகிற ஆளுக்குச் சற்றுத் தாமதம். அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

புதிய பெயர்கள் காதில் விழுகின்றன: ஸ்வூல், ரோட்ரன்னர், 2022இல் கெவின் துங்லா தொடங்கிய ஃபிராங்கன்பிஎச்பி. நிரலையே மெமரியில் உயிரோடு வைத்து, பைதன் பாணியில் ஓட்டும் வழிகள். லாரவெல்லில் ஒழுங்காக எழுதப்பட்ட, வினாடிக்கு நூற்றுக்கணக்கில் கேள்வி வரும் தளத்துக்கு நல்லவை. ஒருவருக்காக வைத்த மாறி அடுத்தவருக்கும் தெரிந்துவிடாமல் பார்த்து எழுத வேண்டும். பக்கம் முடிந்ததும் எல்லாம் அழிந்துவிடும் என்று நம்பி எழுதிய வேர்ட்பிரஸ் செருகுநிரல்களை அதில் ஏற்றுவது வம்பு. ஃபேஸ்புக்கின் எச்எச்விஎம்மை நம்பி ஏறியவர்களின் கதையும் நினைவில் இருக்கட்டும். 2018இன் கடைசிப் பதிப்போடு அது பிஎச்பியைக் கைவிட்டது. அதற்குள் 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7, ஓட்டும் முறை எதையும் மாற்றாமலே பல தளங்களைச் சுமார் இரண்டு மடங்கு வேகமாக்கியிருந்தது. ஓட்டும் முறையைப் பற்றி ஒரு வாரம் வாதாடுகிற ஆள், பழைய பதிப்பில் உட்கார்ந்துகொண்டு வாதாடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். விடுதித் தளத்தின் முகப்பு, அறைப் படம், வழி வரைபடம் எதற்கும் ஒவ்வொரு தரமும் பிஎச்பி ஓடத் தேவையே இல்லை. என்ஜின்எக்ஸின் தற்காலிகச் சேமிப்பில் ஒரு தரம் வைத்தால் போதும். புக்கிங் படிவம் ஒன்றுதான் உள்ளே போக வேண்டும். இப்படிச் செய்த பிறகு நானாவின் எட்டுப் பேரில் மூன்று பேருக்கு மேல் எழும்பி நான் கண்டதில்லை, திருவிழா வாரத்திலும்.

ஆகவே என் தீர்ப்பு: வாடகைச் சேர்வர் என்றால் என்ஜின்எக்ஸ், பின்னால் எஃப்பிஎம், தளத்துக்கு ஒரு குழு, மெமரிக்கு அடங்கிய எண்ணிக்கை. பகிர்வு ஹோஸ்டிங் என்றால் லைட்ஸ்பீடோ எஃப்பிஎம்மோ எதுவும் ஆகட்டும், நிரல் உங்கள் பயனர் பேரில் ஓட வேண்டும். மொட் பிஎச்பி, உங்கள் மேசைமேல் இருக்கும் ஒற்றைத் தளக் கணினிக்கு. வெறும் சிஜிஐயும் சூபிஎச்பியும் வேண்டாம்.

ஹோஸ்டிங்குக்குக் காசு கட்டுமுன் விற்கிறவரிடம் “என் பிஎச்பி யார் பேரில் ஓடும்?” என்று கேளுங்கள். ஏற்கெனவே கட்டியவர்கள், ‘ஹூ ஆம் ஐ’ கட்டளையை ஓட்டும் ஒரு வரிப் பிஎச்பி கோப்பைத் தளத்தில் வைத்து, உலாவியில் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கின் பெயர் வந்தால் கோப்பை அழித்துவிட்டுப் படுக்கப் போகலாம். வேறு பெயர் வந்தால், அழித்த கையோடு மூன்று ஏழு போட்ட அடைவுகளைத் தேடத் தொடங்குங்கள்.